13 சதுர மீட்டர்: ஒரு குளியலறைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு கணக்கிட்ட அனுபவம்

இரண்டாம் நாள் மதியம், வாளியின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டே கொத்தனார் சொன்னார்: "தம்பி, இது இன்னும் ரெண்டு வீச்சுக்குத்தான் வரும்."

ஷவர் நிற்கும் மூலையில் நெஞ்சு உயரம் வரை இரண்டாவது கோட் விழுந்திருந்தது. அதற்கு மேலே முதல் கோட் மட்டும் காய்ந்து வெளிறிக் கிடந்தது. தூரிகை ஓடிவந்து நின்றுபோன கோடு மூன்று சுவர்களிலும் ஒரே உயரத்தில், அளந்து போட்டதுபோலத் தெரிந்தது. ஷவர் தலை இருக்கப்போவது அந்தக் கோட்டுக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே. அதாவது தண்ணீர் முதலில் அடிக்கப்போகும் இடத்தில்தான் பூச்சு பாதியில் நின்றிருந்தது.

பொருள் கணக்கைப் போட்டது நான். 20 கிலோ போதும், போக 2 கிலோ மிஞ்சும் என்று தாளில் எழுதியிருந்தேன். கடைசியில் 51 கிலோவுக்கு மேல் செலவானது. இரண்டு எண்களுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்த வீட்டில் இந்த வேலையைச் செய்யப்போகிறவர் எவரும் முதலில் போடும் கணக்கு என் முதல் கணக்கைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய குளியலறையில் நடந்தது

மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள அறையின் கூரையில் ஓதம் இறங்கி, சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்துகொண்டிருந்தது. கறை இருந்த இடம் ஷவருக்கு நேர் கீழே இல்லை. குளியலறைக் கதவுக்குக் கீழே, நல்ல தள்ளி இருந்தது. அதனால் முதலில் குழாய் மேல் சந்தேகப்பட்டோம். குழாயில் அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

டைல்ஸைப் பெயர்த்தபோது விஷயம் புரிந்தது. டைல்ஸுக்கு அடியில் இருந்த மணல் சிமென்ட் படுக்கை முழுவதும் கறுத்து, கையில் எடுத்தால் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. டைல்ஸ் இடுக்குகள் வழியே இறங்கிய தண்ணீர் அந்தப் படுக்கைக்குள்ளேயே ஊர்ந்து கதவுப் பக்கம் வரை போய், அங்கே நிலைப்படிக்கு அடியில் இருந்த ஒரு விரிசலில் இறங்கியிருந்தது. டைல்ஸ் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் டைல்ஸ் போட்ட தரை தண்ணீரைத் தடுக்காது. இடுக்கில் நிரப்பும் சிமென்ட் பொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஷவர் மூலையில் சுவர்ப் பூச்சும் இடுப்பு உயரத்துக்கு மேல் வரை நனைந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் எடுத்தோம். தடுப்புப் பூச்சு, வாட்டம் (சரிவு) கொடுத்துப் போட்ட படுக்கைக்கு மேலே, டைல்ஸுக்கு நேர் அடியில் வர வேண்டும். அப்போதுதான் இறங்கிய தண்ணீர் படுக்கையில் தேங்காமல் வடிகாலுக்குப் போகும். இரண்டாவது, பூச்சு கதவோடு நிற்கக் கூடாது. நிலைப்படி மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். முடிவு சரிதான். ஆனால் பொருள் கணக்கில் அந்த நிலைப்படியை நான் சேர்க்கவே இல்லை.

அறையின் அளவு

நீளம் 2.40 மீட்டர், அகலம் 1.60 மீட்டர். கதவு ஒரு குறுகிய சுவரில், 0.75 மீட்டர் அகலம். ஷவர் எதிர்க் கோடியில். அங்கே குறுகிய சுவர் முழுவதும், இரு பக்கச் சுவர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டரும் ஷவர் பகுதி. ஷவர் தலை 2.00 மீட்டர் உயரத்தில். சோப்பு, ஷாம்பூ வைக்க சுவருக்குள் ஒரு மாடம்: 0.40 அகலம், 0.60 உயரம், 0.12 ஆழம்.

தேர்ந்தெடுத்த பொருள் இரண்டு பாகமாக வரும் சிமென்ட் பாலிமர் பூச்சு. 15 கிலோ தூள், 5 கிலோ திரவம், சேர்த்தால் 20 கிலோ கொண்ட ஒரு செட். பையில் பெரிய எழுத்தில் சதுர மீட்டருக்கு 1.6 கிலோ என்று அச்சிட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு மி.மீ. தடிமனுக்கு என்று இருந்தது. கூடவே வந்த தாளில், ஈரம் படும் இடங்களில் இரண்டு கோட்டாகக் குறைந்தது 2 மி.மீ. தடிமன் வர வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

என் முதல் கணக்கு இதுதான். தரை 2.40 × 1.60 = 3.84 சதுர மீட்டர். ஷவர் சுவர் 3.60 மீட்டர் நீளம், ஆள் உயரம் என்று 1.80 வைத்து 6.48. மொத்தம் 10.32. பத்து சதவீதம் கூட்டி 11.35. அதை 1.6 ஆல் பெருக்கினால் 18.16 கிலோ. ஒரு செட் வாங்கினேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத கணக்கு. தரையும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது, சேதாரத்துக்குப் பத்து சதவீதமும் இருக்கிறது. அந்தப் பத்து சதவீதம்தான் என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது. விட்டுப்போனதை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நடந்ததை வைத்துச் சொன்னால், அந்தக் கூடுதல் ஒரு சதுர மீட்டருக்குத்தான் வரும். விட்டுப்போனது அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இரண்டு நாள் வேலை

கொத்தனார் நான் எழுதிய தாளைப் பார்த்து வேலை செய்யவில்லை. அறையைப் பார்த்து வேலை செய்தார். ஷவர் தலைக்கு மேல் 10 செ.மீ. போக வேண்டும் என்று 2.10 மீட்டருக்குக் கோடு போட்டார். மற்ற சுவர்களில் அடியிலிருந்து ஒரு அடி, அதாவது 30 செ.மீ., ஏற்றினார். மாடத்தின் உள் பக்கங்கள், நிலைப்படி, கதவு நிலையின் அடிப்பகுதி என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சரியான வேலை. அவர் பூசிய பரப்பு என் தாளில் இருந்ததைவிடப் பெரியது, அவ்வளவுதான்.

தரைப் பூச்சுக்குள் பதிக்கும் கண்ணாடி இழை வலை வாங்கும்போதும் இதே தவறைச் செய்திருந்தேன். ஒரு மீட்டர் அகல ரோல். தரை 3.84 சதுர மீட்டர், கொஞ்சம் கூட்டி 4.5 மீட்டர் வெட்டி வாங்கி வந்தேன். கலவை கலக்கும் முன்னரே அவர் வலையைத் தரையில் வெறுமனே விரித்துப் பார்த்தார். அறை அகலம் 1.60, இரண்டு பக்கமும் சுவரில் 15 செ.மீ. ஏற வேண்டும், நடுவில் ஒன்றன் மேல் ஒன்று 10 செ.மீ. ஏற வேண்டும். கூட்டினால் சரியாக 2 மீட்டர், அதாவது இரண்டு பட்டை. ஒவ்வொரு பட்டையும் 2.40 உடன் இரு முனைகளிலும் 15 செ.மீ. சேர்த்து 2.70. ஆக 5.40 மீட்டர் வேண்டும். என் 4.5 மீட்டரை இரண்டாக வெட்டினால் சுவரில் ஏறுவது இருக்கட்டும், தரையின் நீளத்துக்கே எட்டாது. ரோலாக வரும் எதையும் பரப்பை வைத்து வாங்கக் கூடாது, பட்டை பட்டையாக வெட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அன்றைக்குக் காலையிலேயே புரிந்துவிட்டது. போய் வாங்கி வந்தேன். அதே எச்சரிக்கை பூச்சுக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு செட்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் அவர் முதல் கோட்டை இழுத்து இழுத்துப் பூசினார். 11 கிலோவில் அறை முழுவதும் முடித்தார். காய்ந்த பிறகு தரையில் குனிந்து பார்த்தால் வலையின் இழைகள் கட்டம் கட்டமாக மேலே தெரிந்தன. வலை பூச்சுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அப்படித் தெரியக் கூடாது. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது கோட்டில் மூடிவிடும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் மீதி 9 கிலோ ஷவர் சுவரில் நெஞ்சு உயரத்தில் தீர்ந்தது. மூன்றரை சதுர மீட்டர் பாக்கி.

வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இழுத்தால் மேலே ஒரு பூச்சு வந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். அந்த நாள் முழுதும் வீணாகிவிடக் கூடாதே என்ற அக்கறையில் சொன்னதுதான். "வேண்டாம் அண்ணே, நிறுத்திடலாம்" என்றேன். தூளும் திரவமும் அளந்து தரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கூடுதலாக விட்ட தண்ணீர் பின்னால் ஆவியாகி வெளியேறும்போது, அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். பூச்சு சுருங்கும், மயிரிழை விரிசல் விடும். பார்வைக்கு சாம்பல் நிறச் சுவர் ஒன்றுதான், ஆனால் தண்ணீரைத் தடுக்கும் குணம் போய்விடும். பூச்சு இல்லாத சுவராவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் விட்டு இழுத்த சுவரை டைல்ஸ் போட்ட பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு நாள் காயவிட்டு, ஷவர் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று விரல் நக அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்து, தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோட் விழுந்த இடத்தில் 0.9 முதல் 1.1 மி.மீ. ஒரு கோட் இடத்தில் 0.4. வர வேண்டியது 2.

அந்தச் சின்னத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு உண்மையில் விஷயம் விளங்கியது. நான் பரப்பை மூடப் பொருள் வாங்கியிருந்தேன். வாங்க வேண்டியது தடிமனை.

கிலோ எங்கிருந்து வருகிறது

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. தடிமனுக்கு எதை ஊற்றினாலும் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், எந்தப் பையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். கலந்த சிமென்ட் பூச்சின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ என்பதால்தான் பையில் 1.6 என்று போட்டிருக்கிறது. 2 மி.மீ. வேண்டும் என்றால் 3.2. நான் வாங்கியது ஒரு மி.மீ. தடிமனுக்கு, அதுவும் கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில்.

இங்கே ஒரு விலகல், ஆனால் அவசியமானது. வாளியில் தயாராக வரும் அக்ரிலிக் வகைப் பூச்சுக்கு இன்னொரு படி உண்டு. அதில் தண்ணீர் கலந்திருப்பதால் காய்ந்ததும் மெலியும். திடப்பொருள் கன அளவில் 60 சதவீதம் என்று தாளில் போட்டிருந்தால், காய்ந்த பின் 1 மி.மீ. நிற்க ஈரமாக 1 ÷ 0.6, அதாவது 1.67 மி.மீ. பூச வேண்டும். சதுர மீட்டருக்கு 1.67 லிட்டர். கீழே வரும் 13 சதுர மீட்டர் கணக்குப்படி இந்த அறைக்கு 21.7 லிட்டர் வரும். 20 லிட்டர் வாளி ஒன்று போதும் என்று தோன்றும், போதாது. சில வாளிகளில் லிட்டரும் சிலவற்றில் கிலோவும் போட்டிருப்பார்கள். லிட்டருக்கு 1.4 கிலோ அடர்த்தி கொண்ட பூச்சு என்றால் அதே 21.7 லிட்டர் 30 கிலோவுக்கு மேல். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

மறுகணக்கு

இந்த முறை அறையை ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல விரித்து எழுதினேன்.

தரை 3.84. ஷவர் சுவர் 3.60 × 2.10 = 7.56. மற்ற சுவர்களின் அடிப்பகுதிக்கு, அறையின் சுற்றளவு 8.00 மீட்டரில் ஷவர் 3.60 மீட்டரையும் கதவு 0.75 மீட்டரையும் கழித்தால் 3.65. அதை 0.30 ஆல் பெருக்கினால் 1.10. மாடத்தின் பின்சுவர், முன்னால் திறந்திருக்கும் பரப்பை ஈடுகட்டிவிடும். கூடுதலாக வருவது நான்கு பக்கங்கள் மட்டும்: 2.00 × 0.12 = 0.24. நிலைப்படி ஏறி இறங்கவும் கதவு நிலையின் இரு பக்க அடிக்கும் சேர்த்து 0.27.

மொத்தம் 13.01 சதுர மீட்டர்.

இதில் தரை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குளியலறைக்கு எவ்வளவு பூச்சு வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் தரை அளவைத்தான் சொல்வோம். பூச்சைத் தின்பது சுவர். ஷவர் பகுதி மட்டுமே தரையைப் போல் இரண்டு மடங்கு.

முதல் கணக்கில் விட்டுப்போனது 2.69 சதுர மீட்டர். ஷவர் உயரத்தில் குறைத்தது 1.08, சுவர் அடிகள் 1.10, மாடமும் கதவும் சேர்ந்து அரை சதுர மீட்டர் சொச்சம். பெரிய தவறு என்று எதையும் தனியாகச் சொல்ல முடியாது. சின்னச் சின்னதாகச் சேர்ந்து 26 சதவீதம்.

13.01 ஐ 3.2 ஆல் பெருக்கினால் 41.6 கிலோ. இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு செட்டில், அதாவது 40 கிலோவில், எப்படியாவது முடித்துவிடலாம் என்று மறுபடியும் இழுத்திருப்போம்.

அரை சதுர மீட்டர் சோதனை

முதல் துண்டை வெட்டியபோது அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தேன். மணல் பரல் மணல் பரலாக மேடும் பள்ளமுமாக இருந்தது. பூச்சின் ஒரு பகுதி சுவரின் பள்ளத்தை நிரப்பவே போயிருக்கிறது. அது தடிமனில் சேராது. எவ்வளவு போகிறது என்று தெரியாமல் அடுத்த செட் வாங்க மனம் வரவில்லை.

ஒரு செட் மட்டும் வாங்கி வந்தோம். 2.10 கோட்டுக்கு மேலே, அதே மணல் பூச்சு உள்ள வெறும் சுவரில் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் கட்டம் ஒட்டு நாடாவால் கட்டினோம். சுவரை நனைத்து, தண்ணீர் பளபளப்பு மறையும் வரை காத்திருந்தோம். வாளியைத் தூரிகையோடு தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். கொத்தனார் பூசினார். சீப்புப் போலப் பல் வெட்டிய தகட்டை ஈரப் பூச்சில் அழுத்தி, ஒவ்வொரு இடத்திலும் 1 மி.மீ. பல் நனைகிறதா என்று பார்த்தேன். நனையாத இடத்தில் இன்னொரு வீச்சு. முடிந்ததும் வாளியையும் தூரிகையையும் திரும்பத் தராசில் வைத்தேன். குறைந்தது 0.95 கிலோ. சதுர மீட்டருக்கு 1.9.

பையில் 1.6, எங்கள் சுவரில் 1.9. அந்த 0.3 கிலோ பள்ளத்துக்குப் போகிறது. இரண்டாவது கோட்டுக்குப் பள்ளம் இல்லை, 1.6 போதும். ஆக இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 3.5. அறை முழுவதுக்கும் 45.5 கிலோ.

இந்தச் சோதனை கால் மணி நேர வேலை. மொத்தப் பொருளையும் வாங்கும் முன்னால், ஒரே ஒரு பையைத் திறந்து அந்தச் சுவரிலேயே இதைச் செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையில் போட்டிருப்பது அவர்கள் சோதித்த பரப்புக்கான எண். உங்கள் சுவரின் எண்ணை உங்கள் சுவர்தான் சொல்லும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பூச்சைத் தொடங்கும் முன் சுவரை மெல்லிய சிமென்ட் கலவையால் வழவழப்பாக்கியிருந்தால் ஏறக்குறைய 4 கிலோ மிஞ்சியிருக்கும். சாதாரணக் கலவை நிரப்ப வேண்டிய பள்ளத்தை விலை கூடிய பூச்சால் நிரப்பினோம்.

மூலை நாடா

சுவரும் தரையும் சேரும் மூலைதான் முதலில் பிளக்கும். சுவர் ஒரு பக்கம் அசையும், தரை ஒரு பக்கம் அசையும், நடுவில் பூச்சு கிழியும். அதனால் அங்கே நெகிழும் நாடாவைப் பூச்சுக்குள் பதிக்க வேண்டும். நான் வாங்கியிருந்தது 10 மீட்டர் ரோல் ஒன்று. அறையின் சுற்றளவு 8 மீட்டர்தானே என்ற எண்ணம்.

நின்ற மூலைகளை மறந்திருந்தேன். ஷவர் பகுதியின் இரண்டு மூலைகள் 2.10 வீதம் 4.20 மீட்டர். மற்ற இரண்டு மூலைகள் 0.30 வீதம் 0.60. மாடத்தின் உள் விளிம்புகள் பின்பக்கம் 2.00, ஆழவாட்டில் நான்குக்கு 0.48. நிலைப்படியோடு சேர்ந்த 8.00 மீட்டருடன் கூட்டினால் 15.28. இணைப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் 5 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். பன்னிரண்டு இணைப்பு, அதற்கு 0.60. ஏறக்குறைய 16 மீட்டர், இரண்டு ரோல்.

நாடா ஒட்ட அடியில் பூச்சு வேண்டும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். 12 செ.மீ. அகலத்தில் 15.28 மீட்டர், 1.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வைத்தால் 1.8 கிலோ. இதைச் சேர்த்தால் 47.3. வாளியிலும் தூரிகையிலும் ஒட்டுவது, கலந்து வைத்து நேரமாகி இறுகிப்போவது, இவற்றுக்கு 5 சதவீதம், 2.4 கிலோ. மொத்தம் 49.7.

செட் கணக்கில் மூன்று. முதல் செட் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. சோதனைக்கு வாங்கியது இரண்டாவது. இன்னொன்று வாங்க வேண்டும்.

வடிகாலைச் சுற்றி ஒன்று, சுவரிலிருந்து வெளியே வரும் குழாய்களுக்கு ஐந்து என்று கழுத்துப் பட்டைகளையும் எண்ணி வாங்கினோம். இவை பரப்பில் வராது, எண்ணிக்கையில் வரும். மறந்தால் வேலை நடுவில் நிற்கும்.

மேல் வேலை

இரண்டாவது, மூன்றாவது செட்டை முழுதாகக் கலக்கவில்லை. கலந்தால் அரை மணிக்கு மேல் தாங்காது, ஷவர் மூலையில் அவசரம் கூடாது. தராசில் 3.75 கிலோ தூள், 1.25 கிலோ திரவம் என்று ஐந்தைந்து கிலோவாகக் கலந்தோம். கண் அளவில் பாதி, கால் என்று பிரிப்பது தண்ணீர் விட்டு இழுப்பதற்குச் சமம் என்பதால் ஒவ்வொரு முறையும் எடை போட்டோம்.

பழைய பூச்சை லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, ஷவர் மேல் பகுதிக்கு விட்டுப்போன கோட்டை முதலில் கொடுத்தோம். வெட்டி எடுத்த இரண்டு சதுரங்களையும் அப்போதே நிரப்பினோம். பிறகு அறை முழுவதுக்கும் இரண்டு கோட், ஒன்று நெட்டுவாக்கில், அடுத்தது குறுக்கில். ஒரு கோட்டில் எங்காவது ஊசித்துளை விழுந்தாலும் அதே இடத்தில் அடுத்த கோட்டிலும் விழுவது அரிது, திசை மாற்றிப் பூசுவது அதற்காகத்தான். ஒவ்வொரு கோட்டிலும் பல் தகட்டை வைத்து 0.6 மி.மீ. நனைகிறதா என்று பார்த்தேன். ஏற்கெனவே இருந்த ஒரு மி.மீ.யோடு சேர்ந்து 2.2 வந்தது. தரையில் வலையின் இழைகள் மறைந்தன. அந்தக் கட்டங்கள் கண்ணிலிருந்து போனபோது கொத்தனார் முகத்தில் வந்த நிறைவை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் மிஞ்சிய தூளையும் திரவத்தையும் எடை போட்டோம். 8.6 கிலோ. அப்படியென்றால் செலவானது 51.4. மறுகணக்கில் சொன்னது 49.7. வித்தியாசம் 1.7 கிலோ. அதில் 0.95 சோதனைக் கட்டம், அது 13 சதுர மீட்டருக்குள் வராத இடம். மீதி பெரும்பாலும் வடிகாலையும் குழாய்களையும் சுற்றிப் பட்டை பதித்ததில் போயிருக்கும். அந்த இடங்களில் கொத்தனார் கையைச் சுருக்கவில்லை, நானும் சுருக்கச் சொல்லவில்லை.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 18 கிலோ 50 ஆனதில் மிகப் பெரிய பங்கு தடிமனுக்கு, அது ஒன்றே இரண்டு மடங்கு. அடுத்தது விட்டுப்போன பரப்பு, கால் பங்கு. சுவரின் சொரசொரப்பு 9 சதவீதம், நாடாவும் வாளியும் தனித்தனியே அதைவிடக் குறைவு. சேதாரத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டலாம் என்று நாம் அதிகம் விவாதிப்பது இந்தக் கடைசி வரிசையைப் பற்றி. பையில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கப் பத்து நொடி செலவழித்திருந்தால் முதல் வரிசை சரியாகியிருக்கும்.

தண்ணீர் நிறுத்திய நாள்

பூச்சு முதிர ஏழு நாள் விட்டோம், தாளில் சொன்னபடி. பிறகு வடிகாலை ரப்பர் அடைப்பால் அடைத்தோம். தரை வாட்டம் 80க்கு 1. 2.40 மீட்டரில் 30 மி.மீ. இறக்கம். கதவுப் பக்கம் 20 மி.மீ. நின்றால் வடிகால் பக்கம் 50 நிற்கும், சராசரி 35. தரைப் பரப்போடு பெருக்கினால் 134 லிட்டர். நிலைப்படி தரையிலிருந்து 40 மி.மீ. உயரம் என்பதால் வெளியே வழியாது. எவ்வளவு ஊற்றினோம் என்று வாளி எண்ணி ஊற்றினோம். தரையின் மீது சதுர மீட்டருக்கு 35 கிலோ பாரம்தான், தளம் தாங்கும்.

சுவரில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டேன். பக்கத்திலேயே நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. ஆவியாகிக் குறைவதையும் கசிந்து குறைவதையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அறையை மூடினோம். ஒரு நாள் முழுக்க யாரும் போகவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குத் திறந்தேன். முட்டி போட்டு அளவுகோலைக் கோட்டில் வைத்தேன். தரையில் 2 மி.மீ. இறங்கியிருந்தது. பாத்திரத்திலும் அதே 2 மி.மீ.தான். பிறகு கீழ் அறைக்குப் போய், கதவுக்கு நேர் கீழே கூரையில் பழைய கறை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேலிருந்து கொத்தனார் அடைப்பைப் பிடுங்கும் சத்தமும், தண்ணீர் வடிகாலில் சுழன்று இறங்கும் சத்தமும் கேட்டன.